மயக்க டாக்டரின் கருப்புப் படங்கள்

என் மனைவி மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கல்யாணமான புதிதில் என் தம்பி, "அண்ணனை மயக்கினது போதாதுன்னு அண்ணி ஆஸ்பத்திரியில வேற மயக்குறாங்க" என்பான். எங்களுக்கு அது சலித்துப்போய் வருஷக்கணக்காகிறது. அவன் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

டூட்டி முடிந்து வந்து, முகம் கழுவிய ஈரத்தோடு பின்னறைக்குள் போய்த் தூரிகையை எடுத்துவிடுவாள். வரைவதெல்லாம் ஒரே சங்கதி: நினைவு தப்பியதும் மனிதன் எங்கே போகிறான்? கருப்பின் மேல் கருப்பாகப் பூசி, ஓரத்தில் நூலளவு சாம்பல் நிறம் விடுவாள். ஹாலில் மாட்டியிருப்பதைப் பார்த்து, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்பேன். "உங்க கண்ணுல படுற மாதிரி மாட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

போன மாதம் பித்தப்பையில் கல் என்று என்னையே படுக்கப் போட்டுவிட்டார்கள். வெளியே வீராப்பாகப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் பயந்துதான் கிடந்தேன். கத்திக்குப் பயமில்லை. மூடிய கண் திறக்குமா என்றுதான் பயம். சொந்த மனிதர்களுக்கு அவள் மருந்து கொடுக்கக் கூடாதாம், அவளுடைய சிநேகிதி கொடுப்பதாக ஏற்பாடு. இவள் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"எத்தனை பேரைத் தூங்க வச்சு எழுப்பியிருக்க, எனக்கு ஒரு வார்த்தை தைரியம் சொல்லேன்" என்றேன்.

பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

"மூச்சை நல்லா இழுங்க" என்றாள் சிநேகிதி. இழுத்தேன். அடுத்த மூச்சில் யாரோ கன்னத்தைத் தட்டினார்கள். எல்லாம் முடிந்திருந்தது. அப்பாடா, பிழைத்துவிட்டேன். நர்ஸ், சுவர்க் கடிகாரம், வறண்ட நாக்கு, எதைப் பார்த்தாலும் கும்பிடத் தோன்றியது.

பக்கத்தில் மனைவி. வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"கருப்பா?"

"கருப்புன்னு பார்க்க ஒருத்தன் வேணாமா? நானே இல்லையே."

"அப்போ இத்தனை வருஷமா தப்பாத்தான் வரைஞ்சிருக்கேன்" என்று சிரிக்கத் தொடங்கியவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"சரி விடு, டாக்டரம்மா. நீயே சொல்லு. அவ்வளவு நேரம் நான் எங்கதான் போயிருந்தேன்?"

"நீங்க எங்கயும் போகல. வெளிய நின்ன நான்தான் இல்லாமப் போயிட்டேன்" என்று சொல்லி, என் போர்வையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.