மாலை போட்ட பிறகு

1. முதல் நாள்

பர்வீன் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த முதல் நாளே அவள் கையில் ஒரு ரோஜா மாலையைக் கொடுத்தேன். சென்னையில் பொதுக்கொள்கை முதுகலை படிக்கிற செஞ்சிப் பெண். நான் ஒரு தலைவரிடம் உதவியாளர். என்ன கட்சி, என்ன பதவி என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

"இன்னா சார் இது, பாலிசி வேலைன்னு சொன்னாங்க?"

"சாவுக்குப் போவாத தலைவருக்கு ஓட்டே இல்ல. இதான் முதல் பாலிசி. வண்டில ஏறும்மா."

எங்கள் வழக்கம் சுலபம். தலைவர் மாலை போடுவார், குடும்பத்தாரின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசுவார், ஒரு போட்டோ, உடனே அடுத்த ஊர். பிணம் எடுக்கிறவரை இருந்தால் அன்றைய புரோகிராமே காலி.

2. வேலி

மேல்மலையனூர் ரோட்டில் ஒரு காலனி. விடாத மழை. இறந்தவர் கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைத்த அம்மா. மகள் தேவகி விழுப்புரத்தில் நர்ஸ். தலைவர் மாலை போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். பர்வீனைக் காணோம். போய்ப் பார்த்தால், தேவகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"எங்க நைனாவ எடுத்தப்ப கழனி சேத்துல பாடையோட சாஞ்சிட்டாங்கம்மா. வாய்க்கா கரைமேல நல்ல வழி இருக்குது. நெலத்துக்காரரு வேலி போட்டு இரும்பு கேட்டப் பூட்டி வெச்சிக்கிறாரு. எங்கம்மாவாவது கீழ உழாம போவணும்."

நிலத்துக்காரர் எங்கள் ஆள். தேர்தல் வந்தால் வண்டியெல்லாம் அவருடையதுதான். "தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கச் சொல்லலாம், வா" என்றேன். நேரமாகிறதே என்று எனக்குக் கோபம்.

பர்வீன் என்னை விட்டுவிட்டு நேராகப் போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயா, நீங்க சுடுகாடு வரைக்கும் வரணும். பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடறாங்க. நீங்க மாலையோட கிளம்பிடறீங்க. அந்த வழிய யாருதான் பாக்கறது?"

தலைவர் என்னை முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

பாடைக்கு முன்னால் நடந்தார். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று போன் போட்டார்.

"அண்ணே, நான் மழைல நிக்கறேன். எனக்குப் பின்னால பாடை நிக்குது. வந்து தொறந்து உடுங்க."

நிலத்துக்காரர் குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பூட்டைத் திறந்தார். அந்த அம்மா கெட்டியான கரைமேல் ஆடாமல் அசையாமல் போனார். என் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது தெருமுனையில் நனைந்துகொண்டு தேவகி நின்றாள்.

"கீழ உழலியே சார்?"

"இல்லம்மா."

வேறொன்றும் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

3. பிறகு

மறுநாளே பூட்டு மறுபடி விழுந்துவிட்டது. பாதைக்காகத் தலைவர் தாலுகா ஆபீசுக்கு எழுதினார். அது நிலத்துக்காரர் போட்ட வழக்கில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பர்வீன் படிப்புக்குத் திரும்பும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே அந்த ஊர்ல சாவுன்னா, எடுக்கற வரைக்கும் நில்லுங்க சார்."

நிற்கிறோம். அரசியலில் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் மாலை போடுகிற போட்டோவைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுக்கட்டும். அதற்குப் பிறகு வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். அந்தக் காலனித் தெருவில் எங்கள் வண்டி நிற்கிறவரைதான், இன்றைக்கும், அந்த கேட் திறந்திருக்கிறது.