எட்டாவது அட்டை

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். அந்த நேரத்துக்குப் பிள்ளையார்பாளையத்தில் எல்லா வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும். தேவகியின் வீட்டில் மட்டும் பன்னிரண்டு நாளாகச் சத்தமில்லை. அடுத்த வீட்டுக் குமாரவேல் சைக்கிளைப் பிடித்தபடியே வாசலில் நின்றான்.

"அக்கா, ஆஸ்பத்திரிலேருந்து வர்றேன். அண்ணன் நம்மள வுட்டுட்டுப் பூட்டாருக்கா."

அவள் முதலில் திரும்பிப் பார்த்தது தறியைத்தான்.

அவள் புருஷன் துரைக்கண்ணுவுக்கு நாற்பத்தொரு வயது. பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவன். ஊரில் அதிகம் பேசமாட்டான். வீட்டுக்குள் வந்துவிட்டால் தேவகியிடம் ஓயமாட்டான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளையில்லை. திருப்புட்குழி கோயிலில் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால், தாய்மை வாய்க்கப்போகிறவளுக்கு விடிவதற்குள் அது முளைவிடும் என்பார்கள். இரண்டு முறை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். இரண்டு முறையும் முடிச்சை அவிழ்த்தவள், முளைக்காத பயறை உதறிவிட்டு வந்து சைக்கிளில் ஏறிக்கொண்டாள்.

"மடியில முளைக்கலன்னா இன்னா? உன் பொடவைல நான் முளைக்க வெக்கறேன் பாரு," என்றான் வழியில்.

அவன் தறியில் இருந்தது கோபுரமும் பயறுமாக மாறிமாறி வரும் கரை. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி, சங்கிலியாகக் கோத்த அட்டைகள் சொல்வதைத்தான் கேட்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும்பும்; இல்லாவிட்டால் படுத்துக்கிடக்கும். பயறுக்கு உரியவை எட்டு அட்டைகள். அட்டை குத்தும் ராமலிங்கத்திடம் போகாமல், செருப்பு தைப்பவரிடம் ஒரு உளி வாங்கிவந்து துரைக்கண்ணுவே முளைக்கு ஓட்டை போட்டான். உருண்டைப் பயறுக்குத் தலை ஏது, கால் ஏது? அதனால் எண்ணும்போது முதல் அட்டையை மேல் அட்டை என்று நினைத்துவிட்டான். நெசவோ கீழிருந்து ஏறுவது. ஒரு முழம் நெய்து பார்த்தால், முளைகளெல்லாம் தலைகீழாகத் தொங்கின.

தேவகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

சங்கிலியைத் திருப்பிக் கோத்தால் முளை நிமிரும், கோபுரம் கவிழ்ந்துவிடும்; அந்த எட்டை மட்டும் திருப்பினால், அதே அட்டைகளில் ஓடும் ஓரக்கொடி அறுந்துபோகும். வேண்டாத ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைத்தான். ஐப்பசி மழையின் ஈரத்தில் பசை இளகி, பெட்டியின் ஊசிகள் காகிதத்தைத் துளைத்துக்கொண்டு போயின. முளையும் இல்லை, பயறும் இல்லை. கரை முழுக்க ஜரிகைப் புள்ளிகள்.

வந்து பார்த்த ராமலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். "கைய வெக்கறதுக்கு முன்னாடி ஒரு செட்டு படியெடுத்து வெச்சியாப்பா?"

"இல்லண்ணா."

"சரியாப் போச்சு. பயிரு வெக்கணும்னா ஏனாத்தூர்ல கால்காணி நெலம் வாங்கியிருக்கலாமே!" சிரித்துக்கொண்டே புது அட்டை எட்டு கொடுத்தார். "நானே குத்திடட்டுமா?"

"வேணாண்ணா. இது அவளுக்கு."

அதே கரை போட்ட பழைய புடவை ஒன்றைப் பார்த்து, இழை இழையாக எண்ணி, ஒரு நாளைக்கு ஒரு அட்டை குத்தினான். ஏழாவதை முடித்த அன்று காய்ச்சல் கண்டது. குமாரவேல் ரிக்‌ஷா கொண்டுவந்தபோது, ஏறப்போனவன் நின்று திரும்பினான்.

"அந்தக் கடைசி அட்டைய மட்டும் தொடாத தேவகி. வந்து குத்திடறேன்."

இப்போது வீடு கொள்ளாமல் ஆட்கள். யாரோ தறியை ஒதுக்கி, அவனைக் கிடத்த இடம் பண்ணப் போனார்கள். "அதுல கைய வெக்காதீங்க," என்றாள் தேவகி. தறியில் நீளமாகக் கட்டிய பாவில் இன்னும் ஒரு புடவைக்கு இழை இருந்தது. ஏழு அட்டைகள் கோத்துத் தொங்கின. எட்டாவது, தறிப்பலகையில் உளிக்குப் பக்கத்தில் கிடந்தது. முளையின் நுனிக்காக அதில் பென்சிலால் மூன்று வட்டங்கள் போட்டிருந்தான், ஒன்றையும் குத்தவில்லை.