முப்பத்தோராவது பெட்டி

இன்று காலை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாளை மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. எதிர்வீட்டுக்காரர் உடனே மாவரைக்கக் கிளம்பினார். மாடிவீட்டுப் பெண் மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிய வழியத் தண்ணீர் ஏற்றினாள். அரைமணி கழித்துப் பார்த்தால் செய்தியைக் காணோம். அனுப்பியவரே அழித்துவிட்டார். அது போன வருடத்துச் செய்தியாம். நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழுவில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டிவிடலாம் என்றால் எனக்குப் பொறுக்காது. இவர்களை ஒரு மாதம் என்னிடம் விட்டிருக்க வேண்டும்.

பெருமைதான், வேறென்ன. வேடசந்தூர் போகிற ரோட்டில் ஒரு நூற்பாலையில் பதினாறு வருடம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள் நான். இன்றைக்கும் ஊசி போடுகிற இடத்தில் ஸ்பிரிட் வாசனை வந்தால் எனக்கு அந்த மில் அறைதான் ஞாபகத்துக்கு வரும். எந்த ஜன்னலை அடைத்தாலும் பஞ்சுத் தூசி உள்ளே வந்துவிடும். ரிசீவரின் பொடி ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் கொஞ்சம் கழிவுப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த பிறகுதான் முதல் வணக்கமே சொல்வேன்.

அந்த அறைக்கு ஒருநாள் சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின் வந்தது. வாய்ஸ்மெயில் என்றார்கள். எங்கள் ஆட்கள் அதை மெசேஜ் பெட்டி ஆக்கிவிட்டார்கள். வேன் டிரைவர்கள், மேஸ்திரிகள், ஹாஸ்டல் வார்டன், ஆபீஸ்காரர்கள் என்று முப்பத்தோரு பேருக்கு ஆளுக்கொரு பெட்டி. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். எரியோட்டிலும் ஆத்தூரிலும் சாயங்காலம் டீ குடிக்க வருகிற டிரைவர், கடை வாசலில் இருக்கும் ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டு, மில் நம்பரை அடித்து, தன் பெட்டி எண்ணையும் ரகசிய எண்ணையும் அமுக்குவார். மறுநாள் எத்தனை மணிக்கு எந்த முக்கில் வேன் நிற்க வேண்டும், எந்த ஷிப்டுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் ஒருமுறை பேசி ஒன்பதாம் எண்ணை அமுக்கினால் போதும், முப்பத்தோரு பெட்டிக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஆனால் பேசுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். எங்கள் மேனேஜர் நல்ல மனிதர், எழுத்துதான் நீளம். “இதனால் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்” என்று ஆரம்பித்தாரென்றால் விஷயத்துக்கு வருவதற்குள் டிரைவர் போட்ட காசு தீர்ந்துவிடும். அதனால் அவர் எழுதிக் கொடுப்பதை நான் வெட்டித் தள்ளுவேன். முதலில் ஊர், பிறகு கிழமை, பிறகு வேலை. முப்பது விநாடிக்குள் முடிய வேண்டும். ‘நாளை’ என்ற சொல்லே கூடாது. ஒருவர் இன்றைக்குக் கேட்பார், இன்னொருவர் நாளைக்குத்தான் கேட்பார், அவருக்கு நாளை என்பது நாளை மறுநாள் ஆகிவிடும். கேட்டவுடன் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி நிறைந்துவிடும். எல்லாம் நான் போட்ட சட்டங்கள்தான்.

காவலிலும் நான் கறார். எல்லாருக்கும் அனுப்புகிற பெட்டிக்கு முதலாளியின் கார் நம்பரையே ரகசிய எண்ணாக வைக்கலாம் என்று மேனேஜர் சொன்னபோது, அது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வடை போடுகிறவருக்கும் தெரியுமே சார் என்றேன். பூட்டு செய்கிற ஊரில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா. மாதம் பிறந்தால் எண்ணை மாற்றுவேன். அது என்னையும் பர்வீனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மில்லை விட்டுப் போகிறவரின் பெட்டியை அன்றைக்கே மூடிவிட வேண்டும் என்பதும் என் சட்டம்.

பர்வீன் பேகம்பூர்க்காரி. என்னைவிட இரண்டு வயது இளையவள். கணவர் வேலை பார்த்த, தோல் பதனிடுகிற ஷாப்பு மூடிய பிறகு எனக்கு உதவி ஆப்பரேட்டராக வந்தாள். முப்பத்தோராவது பெட்டி அவளுடையது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அவள் வீட்டில் அந்த ஒரு வருமானம்தான். செய்தி யார் சொன்னாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்று நான் நிறுத்துகிற இடத்தில் அவளையும் நிறுத்தச் சொன்னேன், நான் இழுக்கிற இடத்தில் இழுக்கச் சொன்னேன். மூன்றே மாதத்தில் டிரைவர்களுக்கு எங்கள் குரலில் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அதிலும் எனக்குப் பெருமை.

அவளுக்கு ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் முழுக்கக் கரண்டு நிறுத்துவார்கள் என்று தகவல். எங்கள் ஜெனரேட்டர் ஆபீஸ் விளக்குக்குத்தான் தாங்கும், பகல் ஷிப்டு கிடையாது. எனக்கு அந்தத் திங்களும் செவ்வாயும் லீவு. பழனியில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. முன்யோசனைக்காரி அல்லவா, முந்தின புதன்கிழமையே செய்தியைப் பேசி, திங்கள் மாலை ஐந்து மணிக்குப் போகும்படி மெஷினில் குறித்து வைத்தேன். அந்த வசதியும் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை, கரண்டு நிறுத்துவதைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. என் பெட்டியில் இருந்த செய்தியை அழித்தேன். வேலை முடிந்தது என்று பழனிக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை திரும்பி வந்தால் மில்லே ஒரு மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு வேனும் வரவில்லையாம். பகல் ஷிப்டில் ஸ்பிண்டில் சுற்றவே இல்லை. ஷிப்டு இல்லை என்று மெசேஜ் வந்தது, பெண் குரல்தான், என்றார்கள் டிரைவர்கள். சட்டப்படி எல்லாரும் கேட்டு அழித்திருந்தார்கள். திங்கள் மாலை டெலிபோன் போர்டில் இருந்தது பர்வீன் மட்டும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, ரகசிய நம்பர் யார் யாருக்குத் தெரியும்?” என்றார்.

“எனக்கும் அவளுக்கும்தான் சார். நான் பழனியில இருந்தேன்.”

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கரண்டு விஷயத்தை எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு அவசரப்பட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். “நான் தொடவே இல்ல சார்” என்று அவள் அழுததாகச் சொன்னார்கள். செவ்வாய் மாலையே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போர்டில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக ரகசிய எண்ணை மாற்றினேன். அவள் பெட்டியை மூடினேன்.

வியாழன் மத்தியானம் ஆத்தூர் வேன் டிரைவர் ஆரோக்கியம் வந்தார். மாமியார் இறந்து ஒரு வாரம் லீவில் இருந்தவர். அதுவரை அவர் வேனை வேறொருவர், மற்ற டிரைவர்களிடம் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

“அக்கா, எம் பெட்டி நெறஞ்சு போச்சுங்குது. செத்த நேரம் இங்கனயே கேட்டுக்கிறேன்.”

நான் ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்துக்கொண்டே வந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ, திங்கட்கிழமை மாலை ஐந்து மணி என்று மெஷின் சொல்லிவிட்டு அந்தச் செய்தியைப் போட்டது. “ஆத்தூர், எரியோடு, எல்லா ஊர் வேனுக்கும். செவ்வாய்க்கிழமை கரண்டு இல்ல.” நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முந்தின புதன்கிழமை எனக்கு நல்ல சளி. பர்வீனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தேன், என் சளியை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அழித்தது என் பெட்டியில் இருந்த நகலை. அனுப்பக் காத்திருந்தது அப்படியே மெஷினில் இருந்து, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போயிருக்கிறது.

ஆரோக்கியம் என் முகத்தைப் பார்த்தார். “நான் ஒண்ணும் கேக்கலக்கா. அழிச்சுரவா?”

உடனே வேண்டாம் என்று சொன்னேன் என எழுத ஆசைதான். சொல்லவில்லை. டீ வந்தது, இரண்டு பேரும் குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அழிக்க வேண்டாம் என்றேன். மேனேஜரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “மெஷின் கோளாறுன்னு போட்டு விட்ருவோம்மா. ஒனக்கும் கெட்ட பேர் வேணாம், அந்தப் பொண்ணையும் திரும்பக் கூப்ட்டுக்கலாம்.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவறு செய்தாலும் முறையாகச் செய்கிறவள். எழுதினேன், வெட்டினேன், கடிகாரத்தைப் பார்த்துப் படித்தேன். இருபத்தாறு விநாடி. திங்கட்கிழமை போன செய்தி என் தவறு, பர்வீன் மேல் ஒரு குற்றமும் இல்லை, இதை இரண்டு தரம் கேளுங்கள். ஐந்து மணிக்கு ஒன்பதை அமுக்கினேன். நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பர்வீன் வந்துவிட்டாள். ஆரோக்கியம் முந்தின நாள் வேனை விட்டுவிட்டு நேரே பேகம்பூருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“மூணு நாளா சாயங்காலம் காசு போட்டுப் பாத்தேங்க்கா. வரச்சொல்லி ஏதாச்சும் இருக்குமான்னு. நேத்தும் போட்டேன். அப்படி ஒரு பெட்டியே இல்லன்னு சொல்லுச்சு. உங்க குரல்லதான் சொல்லுச்சு.”

மெஷினின் இங்கிலீஷ் டிரைவர்களுக்குப் புரியாது என்று அது பேசுகிற எல்லா வாக்கியத்தையும் நானே தமிழில் பதிந்து வைத்திருந்தேன். மூடிய பெட்டிக்கான வாக்கியத்தையும். முந்தின நாள் ஒன்பதை அமுக்கியபோது, முப்பது பெட்டிகளுக்கு அனுப்பப்பட்டது என்று அது சொன்னதும் அப்போதுதான் காதில் விழுந்தது. அவளைப் பற்றிய செய்தி அவளைத் தவிர எல்லாருக்கும் போயிருக்கிறது.

அப்போதாவது நான் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “வெஞ்சனம் என்ன கொண்டாந்த?” என்று கேட்டேன். அவள் கத்தரிக்காயை என் தட்டில் வைத்தாள்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சண்டை எதுவும் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என் மாதிரி பேசுவதை விட்டுவிட்டாள். தன் போக்கில், தன் குரலில் பேசினாள். “இது பர்வீன் அக்கா மெசேஜ்” என்று டிரைவர்கள் அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் திருத்தவில்லை. திருத்துகிற உரிமை என்னிடம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பிறகு எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்தது. டீக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போன்களைக் கழற்றிவிட்டார்கள். மெஷினைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டார்கள். மில் இருந்த இடம் இப்போது குடோன். ஆரோக்கியமும் காலமாகிவிட்டார். பர்வீன் மகளோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், பேகம்பூர் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவளுடைய பழைய நம்பரை அடித்தால் ஓர் ஆண் எடுத்து ராங் நம்பர் என்கிறார்.

மன்னித்துக்கொள் பர்வீன் என்று சொல்ல இரண்டு விநாடிகூட ஆகாது. நானே கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.