நர்மதைக் கரையில் மஜீது

இருபது ஆண்டுகளாகக் கண்டெய்னர் லாரி ஓட்டும் திருவொற்றியூர் மஜீது, சரக்கில்லாமல் ஊரைத் தாண்டியது அதுவே முதல்முறை. நண்பர்கள் பாரி, நிலவனோடு காரில் காஷ்மீர் போகும் வழியில் மூவரும் நர்மதைக் கரையில் கூடாரம் அடித்தார்கள். மஜீதுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாலு தடவை எழுந்துபோய்க் கார் டயரைத் தட்டிப் பார்த்தார், டீசல் மூடியைத் திருகிப் பார்த்தார்.

"இன்னா மாமு, லோடா ஏத்திகினு வந்தோம்? வந்து படு" என்றான் பாரி.

"லாரின்னா காவலுக்கு முழிச்சிகினு கெடப்பேன். இங்க எதுக்கு முழிச்சிகினு கீறேன்னே தெர்லடா."

பாரி எழுந்து வந்து காரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நீ போய்ப் படு மாமு. நான் பாத்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. மஜீது உள்ளே போய்ப் படுத்தார். பாரி விழித்திருக்கிறானா என்று இரண்டுமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.