ஞாயிற்றுக்கிழமை ஹால் டிக்கெட்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டை வாங்கி, பாஸ்டர் எண்ணெய் தொட்டு ஜெபித்துக் கொடுப்பார். சேக்காட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் நடக்கிற சபை அது. பரீட்சைக் காலம் வந்தால் பிரசங்க மேடையில் வேதாகமத்தைவிட உயரமாக ஹால் டிக்கெட் அடுக்கியிருக்கும். என் மகள் பட்டம் முடித்து, இரண்டு வருடம் வீட்டிலிருந்தே படித்து, அரசாங்க எழுத்தர் வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பித்தபோது அவளுடைய ஹால் டிக்கெட்டும் அந்த அடுக்கில் சேர்ந்தது. கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

திரும்பி வந்த தாளில் எண்ணெய் பட்டு அவள் போட்டோ பாதி மங்கியிருந்தது. முகம் தெரிகிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் தேர்வு நாள் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி, பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் ஆராதனை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு ஞாயிறுகூட ஓவர்டைம் பார்த்ததில்லை. சொந்தத் தம்பியின் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால், ஆராதனை முடித்து, இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். தம்பி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான். எனக்கோ அதில் பெருமை. கர்த்தருக்கு முதலிடம் என்று பாஸ்டர் வாரம் தவறாமல் சொல்வார். மற்றவர்கள் ஆமென் போட்டுவிட்டு பிரியாணிக்கு வெங்காயம் வாங்கப் போவார்கள். அதை நிஜமென்று எடுத்துக்கொண்டவன் அந்த மாடியிலேயே நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

பரீட்சைக்குப் போக வேண்டாம் என்றேன். மகள் முதலில் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"இந்த எக்ஸாமெல்லாம் ஞாயித்துக்கெழமதாம்பா வெப்பாங்க. வேற நாளே கெடையாது."

"அப்போ அந்த வேல நமக்கில்லைன்னு அர்த்தம்."

என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். பாடியில் பிறந்து வளர்ந்தவள், பூசி மெழுகிப் பேசத் தெரியாது. "இன்னாய்யா பேசுற நீ? ரெண்டு வர்சமா பொண்ணு கண்ணு முய்ச்சி படிச்சிகினு கீது. ஒரு வாரம் போவாட்டி கர்த்தர் கோச்சிக்கினு ஊட்டாண்ட வந்து நிப்பாரா?"

விசுவாசத்தை இவ்வளவு லேசாகப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. வாயை மூடு என்றேன்.

மகள் சண்டை போடவில்லை. மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஆவடியில் ஒரு பழைய ஆலயத்தில் காலை ஆறு மணிக்கே ஆராதனை உண்டு. "அங்க போயிட்டு அப்படியே பஸ் புடிச்சி பூந்தமல்லி போயிடறேம்பா. நீங்களும் வாங்க. ஞாயித்துக்கெழமையும் தவறாது, எக்ஸாமும் எழுதிடுவேன்."

"அது வேற சபைம்மா."

"அங்க இருக்கறதும் அதே ஆண்டவர்தானப்பா?"

நான் சத்தம் போட்டேன். இன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி ஆராதனையில் ஆண்டவர் இருப்பார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒன்பதரை மணி ஆராதனையில் கீபோர்டுக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு நேர் கீழே, எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. நான் குடும்பமாக வந்திருக்கிறேன் என்று பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஞாயிறு அவள் வந்தாள். வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்தாள். சாட்சி நேரம் வந்ததும் நான் எழுந்து மைக்கை வாங்கினேன். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து எல்லோருக்கும் சொல்வதுதான் சாட்சி. நான் ஆண்டவருக்குச் செய்த நன்மையைச் சொன்னேன்.

"இந்நேரம் என் மக பூந்தமல்லியில பரீட்ச எழுதிக்கிட்டு இருக்கணும். கர்த்தருக்கு முதலிடம்னு இங்க வந்து உக்காந்திருக்கா."

அல்லேலூயா சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். மகளை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பத்தே முக்கால்.

பாஸ்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போகச் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் நான் கேட்கவில்லை. அதே தேர்வுக்கு ஹால் டிக்கெட்டில் எண்ணெய் தொட்டு வாங்கிப் போன இன்னும் மூன்று பேர் அன்று சபைக்கு வரவில்லை. அவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவுமில்லை. சில மாதம் கழித்து அவர்களில் ஒருவன் தேறி வேலையும் கிடைத்து, கர்த்தர் தந்தார் என்று சாட்சி சொன்னான். அவனுக்கும் அதே அல்லேலூயா, அதே கைதட்டல். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு பாதியிலேயே படியிறங்கிவிட்டாள்.

அடுத்த அறிவிப்பு வந்தபோது மகள் விண்ணப்பிக்கவில்லை. புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு, பாடியில் ஒரு பெரிய துணிக்கடையில் சேர்ந்தாள். அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமிருக்காது, அன்று லீவு கேட்டால் வேலையே போய்விடும். நான் ஓய்வு பெற்று, அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறவன். அதனால் இந்த ஞாயிறுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாராவாரம் அவளை பைக்கில் கொண்டுபோய்க் கடை வாசலில் விட்டுவிட்டு, திரும்பி வந்து என் நாற்காலியில் உட்காருகிறேன். வெட்கம் கெட்டவன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

போன மாதம் பாஸ்டர் போன் செய்தார். வருகிற ஞாயிறு வாலிபர்களுக்கான விசேஷ ஆராதனையாம். "அந்தப் பழைய சாட்சிய இந்தப் பிள்ளைங்க கேக்கணும் பிரதர். அன்னிக்கு ஒரு நாள் லீவு போட முடிஞ்சா மகளையும் கூட்டிட்டு வாங்க."

அந்த ஞாயிறு காலை வரை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போது, ஒரு லாரியின் புகைக்கு நடுவே சொன்னேன். "ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுப் பாரேம்மா. பாஸ்டர் ஆசைப்படறாரு."

முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. குரலில் கோபமே இல்லை. வாடிக்கையாளருக்குத் துணி விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"அன்னிக்கு என்ன எழுந்து நிக்க வெச்சாங்கல்ல, அதோட நான் ஜெபம் பண்றத வுட்டுட்டேம்பா. வீட்ல நீங்க ஜெபம் பண்றப்போ சும்மா கண்ண மூடிகினு இருப்பேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. தினமும் குடும்ப ஜெபத்தின் முடிவில் அவளும் ஆமென் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டு, என் பிள்ளை விசுவாசத்தில் நிற்கிறாள் என்று இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்திருக்கிறேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். கடை வாசலில் இறங்கி, "பாத்துப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சபைக்கு வந்தேன். முன்வரிசை முழுக்க வாலிபர்கள். பாஸ்டர் மைக்கை நீட்டினார். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் எழுந்து, பழைய சாட்சியை ஒரு வார்த்தை குறையாமல் சொல்லி முடித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் பாஸ்டர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இப்போ மக எப்படி இருக்காங்க பிரதர்?" என்று கேட்டார்.

"கர்த்தருக்குள்ள நல்லா இருக்கா" என்றேன்.