மூன்றாவது மஞ்சள் அட்டை

கலீல் ரகுமானை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப் போனதால் ஒருநாளும் பந்து ஆடியவர் இல்லை. அந்த மனிதர்தான் இருபத்தொரு வருடம் எங்கள் ‘ட்ரங்க் ரோடு யுனைடெட்’ கால்பந்து அணிக்கு மேனேஜர். உங்களுக்கு ஏன் பாய் இந்தத் தலைவலி என்று நான் கேட்காத வருடம் இல்லை. சிரிப்பார்.

நான் பாண்டியன். அதே அணியில் பதினோரு வருடம் லெஃப்ட் பேக், முட்டி போன பிறகு கோச். பிழைப்புக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. நடுவர்கள் என்னை இன்னும் மைதானத்துக்குள் விடுகிறார்கள் என்றால் பாயின் முகத்துக்காகத்தான்.

இரண்டாம் டிவிஷனில் மேனேஜர் என்றால் கோட்டு சூட்டு எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஆட்டத்துக்கு முன்னால் பெயர்ப்பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஐஸ் வாங்க வேண்டும், எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், எவன் வீட்டில் எவனுக்கு சண்டை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாய் இன்னொன்றும் செய்வார். சீட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய ஃபோமை ரெக்சினுக்குள் வைத்துத் தைத்து எல்லோருக்கும் காலில் கட்டுகிற பேடு செய்து தருவார். மற்ற அணிக்காரர்கள் எங்களை ‘ஆட்டோ சீட் டீம்’ என்று கேலி செய்வார்கள். பாய்க்கு அதில் ரகசியமாகப் பெருமை.

கடைச் சுவரில் ஒரு பிளைவுட் பலகை உண்டு. அதில் வரிசையாக ஆட்டக்காரர்கள் பெயர். எவனாவது மஞ்சள் அட்டை வாங்கினால் மஞ்சள் ரெக்சினில் ஒரு துண்டு வெட்டி அவன் பெயருக்குக் கீழே ஆணி அடித்துவிடுவார். ஒரு சீசனில் மூன்று துண்டு சேர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார வேண்டும் என்பது லீக்கின் விதி. இருபத்தொரு வருடத்தில் அந்தப் பலகையின் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடிக்கிற அணி மட்டும்தான் முதல் டிவிஷனுக்கு ஏறும். நாங்கள் எட்டிப் பார்த்ததே நாலாவது இடம்தான். “ஒரே ஒரு தபா பஸ்ட் டிவிஷன்ல நம்ம பேர பாத்துட்டேன்னா போதும் பாண்டியா, அப்பறம் நான் பாட்டுக்கு கடைய பாத்துகினு கெடப்பேன்” என்பார். மனிதர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

போன சீசனில் அது கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தது. அதற்குக் காரணம் ஆன்சன். மேனாம்பேட்டுப் பையன், இருபத்துநாலு வயது, நடுத் தடுப்பில் ஆடுவான். கார்னர் அடித்தால் எதிராளியின் தலைக்கு மேல் இவன் தலை இருக்கும். பாய்தான் அவனைப் பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றில் பார்த்து இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி ஆட்டம் ஆவடி ராக்கெட்ஸோடு. அவர்கள் எங்களைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். நாங்கள் ஜெயித்தால் நாங்கள் ஏறுவோம், இல்லாவிட்டால் அவர்கள்.

அன்று அறுபதாவது நிமிடத்தில் நாங்கள் இரண்டு கோல் முன்னால். ஆன்சன் நடுவரிடம் எதற்கோ வாக்குவாதம் செய்து மஞ்சள் அட்டை வாங்கினான். அவனுக்கு அது மூன்றாவது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, வானம் பொத்துக்கொண்டது. மின்னல் வேறு. அரை மணி நேரத்தில் மைதானம் ஏரியாகிவிட்டது. நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். வியாழக்கிழமை முதலிலிருந்து மறுபடி ஆட வேண்டும், அடித்த கோல் எதுவும் செல்லாது என்று லீக்கிலிருந்து சொல்லிவிட்டார்கள். நான் கத்தின கத்தில் எனக்கே தொண்டை கட்டியது.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். பலகையில் ஆன்சன் பெயருக்குக் கீழே இரண்டு துண்டுதான் இருந்தது. மூன்றாவது துண்டு வெட்டியபடி தையல் மெஷின் மேல் கிடந்தது.

“இன்னா பாய், இத அடிக்கலியா?” என்றேன்.

“ஆட்டமே இல்லன்னுட்டானுங்க இல்ல? கோலு போச்சுன்னா கார்டும் போச்சுதான?”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு கோலைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஒரு மஞ்சள் அட்டையையாவது விட்டுத்தரட்டும் என்று இருந்தது. சாக்ஸ் நிறத்துக்குக்கூட லீக் ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்கிற மனிதர் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்திருப்பார். நானும் கேளுங்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கோல் ஆன்சனுடையது, கார்னரில், தலையால். விசில் ஊதியதும் பாய் கோட்டுக்கு வெளியே அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவர் மனைவி ரசூல் பீவி அன்றுதான் முதல்முறையாக மைதானத்துக்கு வந்திருந்தார். “இருவத்தோரு வருசமா இதுக்குத்தான் என்னை தனியா வுட்டுட்டு வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார். பையன்கள் பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். கோல்கீப்பர் ஃபயாஸ்தான் முன்னால் தூக்கினான். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை லீக்கிலிருந்து கடிதம் வந்தது. ஆவடிக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே நகல் எடுத்து இணைத்திருந்தார்கள். கைவிடப்பட்ட ஆட்டத்தில் கோல்கள் செல்லாது, ஆனால் காட்டிய அட்டைகள் செல்லும். ஆடக் கூடாதவனை ஆட வைத்ததால் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் அவர்களுக்கு. முதல் டிவிஷனும் அவர்களுக்கு.

பாய் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். கூடவே எங்கள் பெயர்ப்பட்டியலின் நகலும் இருந்தது. அதில் ஆன்சன் பெயரைக் காட்டி, “எழுதினது நானு, கையெழுத்து போட்டதும் நானு” என்றார். அதற்கு மேல் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஆன்சன் ஊட்டுக்குப் போலாம் வா. அவன் இத வெளியாளுங்க வாயால கேட்டுடக் கூடாது” என்று எழுந்தார்.

என் பைக்கில் மேனாம்பேடு போனோம். ஆன்சனின் அம்மா ஜெயசீலி விஷயம் தெரியாமல், ஜெயித்த வீட்டுக்கு வந்தவர்கள் என்று கேக் எடுத்து வைத்தார். பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆன்சனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், “தப்பு என்துதான் நைனா, மன்னிச்சுக்கோ” என்றார்.

ஆன்சன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“எனக்கு தெரியும் பாய்.”

“இன்னா தெரியும்?”

“மழையில ஓடி வந்தப்பவே கோட்டாண்ட நிக்கிற நாலாவது ரெப்ரீ சொன்னாரு. உனக்கு அடுத்த ஆட்டம் கெடையாது, மேனேஜருக்கு சொல்லிடுன்னாரு. சொல்லலாம்னுதான் மறுநாள் கடைக்கு வந்தேன். நீங்க சாப்ட போயிருந்தீங்க. போர்டுல ரெண்டுதான் கீது. அத பாத்ததும் வாய் வரல பாய். ஏறப்போற ஆட்டத்துல நான் வெளிய குந்திகினு எப்டி பாப்பேன்?”

நான் அவனை அடிக்கவே எழுந்துவிட்டேன். ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாய் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். கையிலிருந்த கேக்கைத் தின்று முடித்தார். “நல்லா கீதும்மா” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

தெருமுனையில் பைக்கை நிறுத்தச் சொன்னார்.

“யாராண்டயும் சொல்லாத பாண்டியா.”

“ஏன் பாய்? உங்க தலையில ஏன் போட்டுக்கணும்?”

“மேனேஜருக்கு ரூல் தெரியலன்னா திட்டுவானுங்க, வுட்ருவானுங்க. இவன் தெரிஞ்சே ஆடினான்னா எவன் டீம்ல சேத்துப்பான்? அவன் இன்னும் பத்து வருசம் ஆடணும். எனக்கு இன்னா கீது?”

கேட்டது பாய். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்த நேரத்தில் அது பெரிய மனசு என்று எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு டியூஷன் சென்டரில் கூடினோம். ஃபயாஸ்தான் ஆரம்பித்தான். “ஒரு ரூல் பொஸ்தகத்த படிக்கத் துப்பில்லன்னா இன்னாத்துக்கு மேனேஜர்? எங்க ஒரு வருசத்த வாரி குப்பையில கொட்டிட்டீங்களே!” என்று கத்தினான். அவன் அழுதுகொண்டேதான் கத்தினான், அதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாய் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஆன்சன் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒருமுறை பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்பதற்கு அந்தப் பார்வை.

“நீங்க சொல்றது சரிதான். நான் வெலகிக்கிறேன்” என்றார் பாய். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொருவனிடமும் கை நீட்டி மன்னிப்புக் கேட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் எங்கோ பார்த்துக்கொண்டே விரலைத் தொட்டார்கள். ஆன்சன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “நல்லா ஆடு நைனா” என்று அவன் தோளைத் தட்டினார்.

கடைசியாக ஃபயாஸ். அவன் கையை பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. பாய் நீட்டிய கையோடு அவன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஆன்சன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். உண்மையைச் சொல்ல எங்கள் இரண்டு பேரில் ஒருவன் எழுந்திருந்தால் போதும். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.