கதவுக்குக் கீழே இரண்டு கால்கள்

என் மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, அதுவும் ஆயுசுக்கும். டாக்டர் சொன்னதைவிட என் நாத்தனார் சொன்னதுதான் வீட்டில் எடுபட்டது.

"இவ பொட்டப்புள்ள, அண்ணி. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?"

அன்றைக்கே மருந்துப் புட்டி ஃபிரிஜ்ஜில் மாவுத் தூக்குக்குப் பின்னால், ஒரு காலி ஊறுகாய் டப்பாவுக்குள் குடியேறியது. பள்ளியிலும் கழிப்பறைக்குள் ஒளிந்துதான் அவளே ஊசி போட்டுக்கொள்வாள். வகுப்பு டீச்சரிடம்கூட நான் மூச்சு விடவில்லை. மதியமானால் சாப்பாட்டுக் கூடையோடு நானே போய் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பேன். ஊர் என்னைப் பாசக்காரி என்றது. கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

சம்பா அறுவடை முடிந்த சமயம், பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். சர்க்கரை நோயைப் பற்றிப் பிள்ளைகள் வரைய வேண்டும், பெற்றோர்கள் பார்த்துத் திருந்த வேண்டும். பல படங்களில் தொப்பைக்காரர்கள் வரப்பில் ஓடினார்கள். லட்டுகளின் மேல் குறுக்குக் கோடு விழுந்திருந்தது. என் மகள் மூடிய கதவு ஒன்றை வரைந்திருந்தாள். கதவுக்குக் கீழே இடுக்கில் கொலுசு போட்ட இரண்டு சின்னக் கால்கள். பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ், கழன்று கிடக்கும் ஊசி மூடி. அதற்கே முதல் பரிசு கொடுத்தார்கள்.

பரிசு கொடுக்க வந்திருந்த டாக்டரம்மா அவளிடம் குனிந்து கேட்டார். "இது யாரோட காலும்மா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "எங்க அக்கா பொண்ணோட காலுங்க. திருவாரூர்ல இருக்கு. அதுக்குத்தான் சுகர்."

வாய் கூசவில்லை எனக்கு.

சர்க்கரை நோய்க்கு விழா எடுத்துவிட்டு இனிப்பும் கொடுத்தார்களே, அவர்களை என்ன சொல்ல! தலைமையாசிரியை ஒரு துண்டு அசோகா அல்வாவை என் மகளுக்கு ஊட்டினார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. அதைத்தான் நான் திருவாரூருக்கு அனுப்பிவிட்டேனே. எல்லோரும் கைதட்ட, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போதும் நானும் சேர்ந்து கைதட்டினேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவளைக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே பல்பு கிடையாது. கதவு இடுக்கில் வரும் வெளிச்சம்தான். அவள் தாழ் போட்டுக்கொண்ட நேரம், இரண்டு பெண்கள் படத்தைப் பற்றிப் பேசியபடி வந்தார்கள்.

"அந்தக் கொலுசுக் காலப் பாத்தீங்களா? மனசே கேக்கலைங்க."

படத்தில் பார்த்த அதே கொலுசு இங்கேயும் தெரியுமே. சட்டென்று புடவையைத் தழைத்து இடுக்கை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

உள்ளிருந்து மகளின் குரல் மெதுவாக வந்தது. "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. இருட்டா இருக்கு. ஊசியில அளவுக் கோடு தெரியல."

அந்தப் பெண்கள் கடந்து போகிறவரை நான் நகரவில்லை.